பின்வரிசையில் தொலையும் பெருங்காய டப்பா

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பழைய நெசவாளர் வீடுகளில் முன்கூடம் தறிக்குத்தான். காலைத் தொங்கவிட்டு மிதிக்க ஒரு குழி, அதற்கு மேல் மரச்சட்டம், தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து தொங்கும் துளை போட்ட அட்டைகள் என்று வீட்டின் நல்ல இடமும் நல்ல வெளிச்சமும் தறிக்கே போய்விடும். பாவு நீட்டுவதற்கு வீடு போதாது, தெருதான் வேண்டும். குடும்பத்துக்கு மிஞ்சுவது நடுவில் ஓர் அறை, பின்னால் ஒரு சமையல்கட்டு. அந்தச் சமையல்கட்டில்தான் நாலைந்து பேருக்கு ஆகும் அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய், அத்தனை பாத்திரம் பண்டமும் அடங்கியாக வேண்டும்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் தறியைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த வீட்டின் நீள அகலத்தை ஒரு முறை காலால் அளந்து பார்த்தால், இவ்வளவு இடத்துக்குள் சமையல் சாமானை எப்படி வைத்துப் புழங்கினார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

அந்தக் காலத்தில் அதற்குப் பதில் இருந்தது. தயிரும் நெய்யும் உறியில் தொங்கின. விளக்குக்கும் தீப்பெட்டிக்கும் சுவரிலேயே மாடம். எப்போதோ எடுக்கும் அண்டா, குண்டான் எல்லாம் பரண் மேலே. பெரியதன் மேல் சிறியது என்று மூலையில் அடுக்குப்பானை. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் சாமான் என்று அநேகமாக எதுவும் கிடையாது.

சிக்கல் மேடையோடு வந்தது. நின்றுகொண்டு சமைக்கக் கடப்பா கல் மேடை போட்டார்கள். கேஸ் அடுப்பு உட்கார்ந்து, அதற்கு முன்னால் கொஞ்சம் இடமும் வேண்டுமானால் மேடை இரண்டடி அகலம் இருந்தே தீர வேண்டும். மேடையைத் தாங்கும் தடுப்புச் சுவர்களுக்கு இடையில், அதே இரண்டடி ஆழத்துக்குக் கடப்பா கல் தட்டுகளும் போட்டுவிட்டார்கள். ஆக, அடுப்புக்காகக் கணக்குப் போட்ட ஆழம் டப்பாக்களின் தலையில் விழுந்தது. ஒரு கிலோ பருப்பு டப்பாவுக்கு ஐந்து அங்குல ஆழம் போதும். மீதிப் பத்தொன்பது அங்குலத்தில் அதற்குப் பின்னால் ஒரு டப்பா, அதற்குப் பின்னால் இன்னொன்று, கடைசியில் கரப்பான்பூச்சி.

குனிந்து, கழுத்தைத் திருப்பி, கையை முழுக்க நீட்டினாலும் பின்வரிசை எட்டாது. எட்டினாலும் எது எதென்று தெரியாது. அதனால்தான் பெருங்காயம் வீட்டில் இருக்கும்போதே கடையில் இன்னொரு டப்பா வாங்க வேண்டி வருகிறது. தீபாவளிக்கு முன்னால் ஒழித்துத் துடைக்கும்போது மூன்று பெருங்காய டப்பாவும், வண்டு விழுந்த அரைக் கிலோ கொண்டைக்கடலையும் வெளியே வரும். நம் ஊரில் இந்தக் காட்சியைப் பார்க்காத வீடு குறைவு.

இதற்கு இன்று கடைக்காரர்கள் காட்டும் வழி மாடுலர் கிச்சன். சேனல் வைத்த டிராயர், எவர்சில்வர் கம்பிக் கூடை எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் இருக்கிற கடப்பா கல் அலமாரியை உடைக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக, பிளைவுட் துண்டுகளை வைத்தே முக்கால்வாசிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். தேவை ஒன்றுதான்: டப்பாவைத் தேடிக் கை உள்ளே போவதற்குப் பதிலாக, டப்பாக்கள் மொத்தமாக வெளியே வர வேண்டும். அதாவது, அறை அறையாகத் தடுத்த, இழுத்தால் வரும் ஒரு மரத் தட்டு.

தடுப்பு வைத்த மரப்பெட்டி தமிழ்ச் சமையலறைக்குப் புதிதல்ல. இன்று கடையில் கிடைக்கும் வட்ட எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியில் பெரும்பாலும் ஏழு கிண்ணம் இருக்கிறது. பழைய அஞ்சறைப் பெட்டி நீளவாக்கில் செய்த மரப்பெட்டி. உள்ளே குறுக்குப் பலகை போட்டு அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். கடுகுக்கும் வெந்தயத்துக்கும் இடம் மாறாது. இருட்டில் கை போனாலும் சரியான அறைக்குத்தான் போகும். வீட்டுக்கு வந்த புது மருமகளுக்கும் ஒரே நாளில் பழகிவிடும்.

நெல் வைத்த பத்தாயத்திலும் இதே போல ஒரு நுணுக்கம் உண்டு. நெல்லை மேல்வழியாகக் கொட்டுவார்கள், எடுப்பது கீழே உள்ள சிறு வாய் வழியாக. முதலில் கொட்டியது முதலில் செலவாகும். அடியில் கிடந்து மக்குகிற பேச்சே இல்லை. இன்றைய அலமாரியில் நடப்பது இதற்கு நேர்மாறு. புதிதாக வாங்கிய பாக்கெட் முன்னால் உட்கார்ந்துகொள்ளும், பழையது பின்னால் தள்ளப்படும்.

சின்ன இடத்தில் சமையலறையை அடக்கும் கணக்கை ஐரோப்பாவிலும் ஒருவர் தீவிரமாகப் போட்டுப் பார்த்தார். 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்புகளுக்குச் சமையலறை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர். அவருக்குக் கிடைத்த இடம் சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. ரயிலில் உணவுப் பெட்டியின் குறுகலான சமையலறையில் எப்படி வேலை நடக்கிறது என்று கவனித்தார். ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கெடுத்தார். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த சின்னச் சின்ன அலுமினிய இழுப்பறைகளை வைத்தார். கைப்பிடியும் கொட்டுவதற்கு மூக்கும் இருப்பதால் இழுத்து அப்படியே பாத்திரத்தில் சாய்க்கலாம். மாவு வைக்கும் அறையை மட்டும் ஓக் மரத்தில் செய்யச் சொன்னார். அந்த மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்து மாவுப் புழுவை அண்டவிடாது என்பது காரணம். இந்தச் சமையலறை சுமார் 10,000 வீடுகளில் அமைந்தது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி.

குறையும் சொன்னார்கள். பெயர் பொறித்துவிட்டதால் சர்க்கரை அறையில் சர்க்கரையைத் தவிர வேறு எதையும் வைக்க மனம் வரவில்லை. இழுப்பறைகள் தாழ்வாக இருந்ததால் குழந்தைகள் இழுத்துக் கொட்டின. அந்த வடிவமைப்பைச் செய்யும்வரை தான் சமைத்ததே இல்லை என்று லிஹோட்ஸ்கி அம்மையாரே பிற்காலத்தில் சொன்னார். காஞ்சிபுரத்து வீட்டுக்குத் தட்டு செய்கிறவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: தடுப்புகளைப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடக் கூடாது. இன்று எட்டு டப்பா, நாளை ஒரு பெரிய தூக்கு. கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

எந்த மரத்தில் செய்வது? இதைப் பேச காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து 40 ஆண்டுக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளும் அத்திவரதர் அத்தி மரத்தால் ஆனவர். 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்துவிட்டு மறுபடி குளத்துக்குள் சென்றார். பக்தர்களுக்கு அது பெருமாளின் திருவுள்ளம். மரவேலை தெரிந்தவர்களுக்கு அதில் இன்னொரு சேதியும் இருக்கிறது. அத்தி, தேக்கு போல உறுதியான மரமல்ல. வெளியே வெயில் மழையில் போட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். ஆனால் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் நெடுங்காலம் தாங்கும். கிணற்றுக்குள் இறக்கும் சட்டங்களுக்கு அத்தியைப் பயன்படுத்தியது அதனால்தான்.

மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க நீரில் மூழ்கிய மரத்தில் காற்று இல்லை. நன்றாக உலர்ந்த மரத்தில், அதாவது ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள மரத்தில், போதிய நீர் இல்லை. இரண்டு இடத்திலும் பூஞ்சைக்கு வேலை கிடையாது. அது கொழிப்பது ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் இடத்தில். சமையலறையில் அப்படிப்பட்ட இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும்: சிங்க்குக்குக் கீழே. காலையில் குழாய் கசியும், மதியம் காயும், இரவு பாத்திரம் கழுவும்போது மறுபடி சொட்டும். அந்த அறைக்குள் மட்டும் எந்த மரத் தட்டையும் வைக்க வேண்டாம். தேக்கே ஆனாலும் வேண்டாம். அங்கே பிளாஸ்டிக் வாளியும் துடைப்பத் துணியும் இருக்கட்டும்.

மற்ற அறைகளுக்குப் பிளைவுட் போதும். கடையில் கேட்டு வாங்கும்போது இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஐஎஸ் 303 என்று முத்திரை இருந்தால் பொது உபயோகத்துக்கான பலகை. அதிலேயே எம்ஆர் என்பது லேசான ஈரப்பதத்தை மட்டும் தாங்கும், பிடபிள்யூஆர் என்பது அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டாலும் ஒட்டு விடக் கூடாது என்பது அதற்கான சோதனை. மேடைக்குக் கீழே வைக்கும் தட்டுக்குப் பிடபிள்யூஆர் தாராளம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஒரு முறை நனைந்தால் பொரி போல ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது.

முழு ஷீட் வாங்கவும் தேவையில்லை. எட்டுக்கு நாலு ஷீட் என்றால் 32 சதுர அடி. இரண்டு தட்டுக்குத் தேவைப்படுவது 12 மில்லிமீட்டர் பலகையில் மூன்றரை சதுர அடி, 6 மில்லிமீட்டரில் ஐந்து சதுர அடிக்குள். ஏதாவது வீட்டு வேலை நடக்கும் இடத்தில் ஆசாரியிடம் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டுகளே இதற்குக் காணும்.

காஞ்சிபுரத்துக்கென்று இன்னொரு வழியும் உண்டு. தறி ஓட்டுவதை விட்டுவிட்ட வீடுகளில் குழியைச் சிமெண்டு போட்டு மூடியிருப்பார்கள், கழற்றிய தறிச் சட்டங்கள் பரணிலோ கொல்லையிலோ கிடக்கும். அவை அடுப்புக்குப் போகும் முன் ஒரு தரம் தட்டிப் பார்ப்பது நல்லது. வருடக்கணக்கில் கூரைக்கடியில் உலர்ந்த மரம் இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. கரையான் அரித்த இடம், உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி இரண்டையும் மட்டும் பார்த்துவிட வேண்டும். இழைப்புளியின் வாயில் பழைய ஆணி பட்டால் அன்றைய வேலை அதோடு சரி. தட்டின் நான்கு பக்கப் பலகைக்கும் இந்த மரம் அருமையாகப் பொருந்தும், அடிக்கும் தடுப்புக்கும் பிளைவுட்.

இனி அளவு. முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. எல்லோரும் அலமாரியை அளக்கிறார்கள். முதலில் அளக்க வேண்டியது டப்பாவை, அதிலும் உடம்பை அல்ல, மூடியை. எவர்சில்வர் சம்புடத்தின் மூடி உடம்பைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தினமும் புழங்கும் டப்பாக்களை எல்லாம் தரையில் வைத்து, மூடியின் குறுக்களவையும் மொத்த உயரத்தையும் எழுதிக்கொண்டால், பெரும்பாலானவை நாலேகால் அங்குலத்தைச் சுற்றியே நிற்பது தெரியும். அதோடு கை விரல் நுழையக் கொஞ்சம் இடம் சேர்த்தால் ஓர் அறைக்கு நாலரை அங்குலம்.

ஓர் உதாரணக் கணக்கு. தடுப்புச் சுவர்களுக்கு நடுவே 22 அங்குல அகலம், 22 அங்குல ஆழம் உள்ள அறை என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தரை அங்குல அகலத்தில் இரண்டு தட்டு பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஒரே பெரிய தட்டாகச் செய்தால் நிரப்பிய பிறகு இழுக்க முடியாது. நீளம் 20 அங்குலம். பின்னால் மிஞ்சும் இரண்டு அங்குலம் காற்று போகட்டும். பக்கப் பலகை இரண்டு, ஒவ்வொன்றும் 20 அங்குல நீளம், 4 அங்குல உயரம். முன்னும் பின்னும் ஒன்பதரைக்கு 4. இவை நாலும் 12 மில்லிமீட்டர். அடிப்பலகை 20-க்குப் பத்தரை, 6 மில்லிமீட்டர். உள்ளே நீளவாக்கில் ஒரு தடுப்பு, குறுக்கே மூன்று. உயரம் எல்லாவற்றுக்கும் இரண்டரை அங்குலம். ஆக ஒரு தட்டில் எட்டு அறை, இரண்டு தட்டில் பதினாறு டப்பா, எதுவும் எதற்கும் பின்னால் ஒளியாது.

தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். அரை அங்குலப் பலகை நாலு நூல், கால் அங்குலம் இரண்டு நூல். ஆனால் கடைப் பலகை மில்லிமீட்டரில் வருகிறது. 12 மில்லிமீட்டர் என்பது நாலு நூலுக்குக் கொஞ்சம் குறைவு, 6 மில்லிமீட்டரும் இரண்டு நூலுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தச் சின்ன வித்தியாசம் மற்ற இடத்தில் பொருட்டில்லை. தடுப்புக்கு வெட்டும் வாயில் மட்டும் அதுதான் எல்லாம்.

தடுப்புகளைக் கோக்கும் முறை எளிது. ஒவ்வொரு பலகையிலும் பாதி உயரத்துக்கு வாய் வெட்டி, ஒன்றை ஒன்றின் மேல் இறக்குவது. நீளத் தடுப்பில் மூன்று வாய், மேலிருந்து கீழ்நோக்கி, ஒன்றேகால் அங்குல ஆழம். குறுக்குத் தடுப்பு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வாய், கீழிருந்து மேல்நோக்கி, அதே ஆழம். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக வெட்டிவிட்டால் சேராது, பலகை வீண். உள்நீளம் 19 அங்குலம் என்பதால் நடு வாயின் மையம் சரியாக ஒன்பதரையில் வரும். மற்ற இரண்டும் இரு முனைகளிலிருந்தும் நாலு அங்குலம் ஐந்தரை நூலில்.

வாயின் அகலத்துக்கு டேப்பை நம்பக் கூடாது. குறுக்குத் தடுப்புக்கான பலகைத் துண்டையே நிமிர்த்தி, நீளத் தடுப்பின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் கூர்மையான பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். ரம்பம் அந்த இரண்டு கோட்டுக்கும் உள்ளே ஓட வேண்டும், கோட்டின் மேல் அல்ல. ரம்ப வாயும் கொஞ்சம் மரத்தைத் தின்னும் என்பதை மறந்தவர்களின் தடுப்புதான் கடகடவென்று ஆடும். வெட்டிய பிறகு நடுவில் நிற்கும் நாக்கைச் சிறிய உளியால் இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகத் தட்டி எடுத்தால் பலகையின் பின்பக்கம் பிய்யாது. மாட்டிப் பார்த்து இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளை மடித்து இரண்டு இழுப்பு. கை அழுத்தத்தில் இறங்கி, தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

வெளிச்சட்டத்துக்குப் பசையும் ஆணியும். 1959-ல் பெவிகால் கடைக்கு வருவதற்கு முன்னால் தச்சர்கள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைச் சூடாக்கித்தான் ஒட்டினார்கள், நாற்றம் தெருவுக்கே தெரியும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. பலகை முனையில் பசை தடவி, ஒன்றேகால் அங்குல மெல்லிய ஆணி ஒரு மூலைக்கு மூன்று. பிளைவுட் முனையில் ஆணியை நேரே அடித்தால் அடுக்கு பிளக்கும், அதனால் முதலில் டிரில்லால் மெல்லிய துளை. அடிப்பலகையைப் பொருத்தும் முன்பு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப் பிடித்துப் பார்க்க வேண்டும், பிறகு மற்ற இரு மூலைக்கும். இரண்டும் ஒரே அளவாக வந்தால் மூலைமட்டம் சரி. வராவிட்டால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனையையும் கையால் அழுத்தினால் போதும், பசை காய்வதற்குள் நேராகிவிடும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் தட்டு ஆயுள் முழுக்கக் கோணலாகத்தான் இழுபடும். ஓர் இரவு அப்படியே விட்டுவிட வேண்டும்.

சேனல் தேவையில்லை. அடியில் நீளவாக்கில் இரண்டு மெல்லிய ரீப்பர், அதன் அடிப்பக்கம் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தால் கடப்பா கல் மேல் வழுக்கிக்கொண்டு வரும். சில மாதத்துக்கு ஒரு முறை மறுபடி தேய்த்தால் போதும். முன்பலகையில் ஓர் அங்குலத் துளை, விரல் மாட்டி இழுக்க. டப்பாவின் பெயரை எழுதி ஒட்டுவது மூடியின் மேலே இருக்கட்டும். தட்டு முழங்காலுக்குக் கீழே வெளிவரும்போது நின்றுகொண்டு பார்ப்பவருக்குத் தெரிவது மூடிதான், டப்பாவின் வயிறு அல்ல.

மேல் பூச்சில் பலர் கோட்டை விடுகிறார்கள். சமையலறைச் சாமான்தானே என்று நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவுவது வழக்கம். இரண்டும் முழுதாகக் காய்ந்து இறுகாத எண்ணெய். பிசுக்காக நின்று தூசி பிடிக்கும், சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். காய்ந்து இறுகும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, நிழலில் காயவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயப் போடுவதோ தண்ணீரில் நனைத்துவிடுவதோதான் பாதுகாப்பு.

அரக்கு பாலிஷ் இன்னொரு வழி. மருந்து மாத்திரைக்கு மேலே பூசுகிற அதே அரக்குதான், ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவினால் சீக்கிரமே காய்ந்துவிடும், உலர்ந்தபின் வாடையும் இருக்காது. சூடான பாத்திரம் பட்டால் வெள்ளை வளையம் விழும் என்பது அதன் குறை. உலர்ந்த பருப்பு, மசாலா டப்பாக்களுக்கான தட்டுக்கு அரக்கே சிறந்தது.

எல்லாச் சாமானும் தட்டுக்குள் அடங்காது. காஞ்சிபுரத்தில் கோயில் இட்லி செய்யும் வீடாக இருந்தால் மூங்கில் குடலை ஒன்று இருக்கும். மந்தாரை இலையை உள்ளே விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் போட்ட மாவை ஊற்றி அவிக்கிற அந்த நீளக் கூடையை எந்த அறைக்குள்ளும் திணிக்க முடியாது. திணிக்கவும் கூடாது, காற்றோட்டம் இல்லாவிட்டால் மூங்கில் பூத்துப்போகும். அலமாரிக்கு வெளியே ஆணியில் தொங்குவதுதான் அதற்கு நல்லது.

கண் மட்டத்துக்கு மேலே உள்ள சுவர் அலமாரிக்குத் தட்டு பயன்படாது, நிரப்பிய தட்டைத் தலைக்கு மேலே இழுப்பது ஆபத்து. அங்கே வேண்டியது படி. சின்ன காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய பொம்மைகளை நவராத்திரிக்கு எப்படி அடுக்குகிறோமோ அதே முறைதான். மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு படி, ஆறு அங்குலத்துக்கு இன்னொரு படி. 12 மில்லிமீட்டர் பலகையில் ஒரு மணி நேர வேலை. பின்வரிசை மசாலா பாட்டில் முன்வரிசையின் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கும்.

தட்டை நிரப்பும்போது பத்தாயத்தின் கணக்கைப் பின்பற்றலாம். தினம் எடுக்கும் துவரம்பருப்பு, புளி, மிளகாய் முதல் இரண்டு வரிசையில். வாரம் ஒரு முறை எடுப்பது அடுத்து. அப்பளம், வடகம், பண்டிகைச் சாமான் கடைசியில். புது பாக்கெட்டைப் பழைய டப்பாவின் மேல் கொட்டாமல், பழையதைக் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டுப் புதியதைக் கீழே, பழையதை மேலே போட்டால் வண்டு விழுவது குறையும். அரிசி டப்பாவில் போடும் வசம்புத் துண்டு இங்கேயும் உதவும். மாதம் ஒரு முறை தட்டை மொத்தமாக வெளியே எடுத்து, கல்லைத் துடைத்து, மறுபடி தள்ளிவிடலாம். முன்பெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி நடந்த வேலை இது.

செய்ய நினைப்பவர்கள் காலத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்தால் காஞ்சிபுரத்தில் தறிக்குழியிலேயே ஈரம் ஊறும், நூல் நமத்துப்போய் நெசவு நின்றுவிடும். அந்த நாட்களில் பசையும் காயாது, எண்ணெயும் காயாது, வெட்டிய பலகையும் ஈரம் குடித்து உப்பும். வாய் வெட்டிய அளவெல்லாம் மாறிவிடும். ஆடி, ஆவணியில் பலகை வாங்கி முடித்துவிட்டால் நவராத்திரிச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை தேடும்போது தட்டு தயாராக இருக்கும்.